இப்ப போனா என்ன போகும்?

அவர் மேசையில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். சாமி படத்துக்கு முன்னால் போடுவார்களே, அந்த மாதிரி பல்பு. புதிதாக வருகிறவர்கள் பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பல்புக்குப் பின்னால் எந்தச் சாமி என்று எட்டிப் பார்ப்பார்கள். சாமி இருக்காது. சுவரில் ஓர் ஆணிகூட இருக்காது. கம்ப்யூட்டருக்கு வரும் லைனிலிருந்தே ஒரு ஒயர் இழுத்து, ஹோல்டர் மாட்டி, அவரே அதைப் பொருத்தியிருந்தார். வோல்டேஜ் இறங்கினால் பல்பு மங்கும். கம்ப்யூட்டர் அணைவதற்கு முன்னால் ஓரிரு நொடி கிடைக்கும். அந்த ஓரிரு நொடிக்காகத்தான் பல்பு.

அதற்குள் என்ன செய்துவிட முடியும் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய முடியாது சார். ஆனா, போகப்போகுதுன்னு தெரிஞ்சு போகும்ல," என்றார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கேயோ நன்றாக இருப்பார். இதைப் படிக்க நேர்ந்து, தன் பெயரையும் பார்த்தால் பயந்துவிடுவார். நான் அறிந்தவரை அவர் வேறு எதைச் செய்தாலும், கூடவே பயப்படவும் செய்தார். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சிலருக்கு நடையில் ஒரு சாய்வு இருப்பதுபோல அவருக்கு அது இருந்தது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டின் மாடியில் எங்கள் கம்பெனி. இயந்திரங்களை இயக்கும் கண்ட்ரோல் போர்டுகள் செய்துகொடுத்தோம். முதலாளியையும் சேர்த்து எட்டுப் பேர். என் டைரிகளின்படி நான் அங்கே வேலை பார்த்தது 1991 தொடக்கத்திலிருந்து 1994 வரை. எந்த போர்டு எந்தத் தேதியில் யாருக்குப் போனது, அதிலிருக்கும் சிப்பில் எந்தப் புரோகிராம், அது எப்போது எழுதப்பட்டது என்று பதிவேடு எழுதுவது என் வேலை. புரோகிராம் எழுதுவது அவர் வேலை. எனக்கு நாற்பத்து நான்கு வயது, அவருக்கு இருபத்தாறு. நான் அவரை "மேடம்" என்பேன். அவர் என்னை "சார்" என்பார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அவர் வீடு. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். நான் அண்ணனூர். ஒரே ரயிலில் அவர் லேடீஸ் பெட்டியிலும் நான் அடுத்த பெட்டியிலும் வந்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டிச் சேர்ந்து நடப்போம்.

அப்படி நடக்கும்போதுதான் முதன்முதலில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை, மடித்த குடை. மழை வரும்போல இருந்தது. திடீரென நின்று, "இப்ப வழுக்கி விழுந்தா என்ன போகும் சார்?" என்றார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து, "மானம் போகும்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து, புரோகிராம் இருந்த ஃப்ளாப்பி உறையை எடுத்து, டிபன் பாக்ஸ் இல்லாத கையில் வைத்துக்கொண்டார். சாம்பார் ஃப்ளாப்பியில் கொட்டாமல் இருக்க. அதன்பிறகுதான் நடந்தார்.

கரண்ட், ரயில், மழை, லாரி, எதுவானாலும் கேள்வி ஒன்றுதான். இப்ப போனா என்ன போகும்? எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடுவார். முதலாளி மகள் கல்யாணத்தில் நாங்கள் எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மண்டபத்தின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. டைரியிலும் வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒருமுறை சங்கைப் பற்றிச் சொன்னார். குடியிருப்பில் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதும். அதை வைத்துத்தான் அந்த வீடுகளில் உலை வைப்பார்கள், குழந்தைகளை எழுப்புவார்கள். அவர் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு மத்தியானம், நேரமில்லாத நேரத்தில் சங்கு ஊதியது; விபத்து என்றால்தான் அப்படி ஊதும். தெருவில் இருந்த அத்தனை பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். எல்லார் கண்ணும் கேட் பக்கம். அவர் அம்மா கையில் கரண்டியோடு நின்றாராம். கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்ததாம். கடைசியில் ஒன்றுமில்லை. சங்கைப் பழுதுபார்த்துவிட்டு ஊதிப் பார்த்திருக்கிறார்கள். அப்பா வழக்கமான நேரத்துக்கு வந்து, ஏன் இன்று குழம்பு தீய்ந்திருக்கிறது என்று கேட்டார்.

"அப்பா வந்துட்டாரு. ஆனா அந்த அரை மணி நேரம் போகலை சார், எனக்குள்ளேயே இருக்கு," என்றார்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் கம்பெனிக்கு ஈ டிரைவைக் கொண்டுவந்தார்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அவர் எழுதும் புரோகிராம் பல துண்டுகளாக இருக்கும். பட்டனைக் கவனிக்க ஒரு துண்டு, மோட்டாருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று. அவற்றை இயந்திரத்துக்குப் புரியும் எண்களாக மாற்றி, ஒன்றாகக் கோத்து, சிப்பில் ஏற்ற வேண்டும். இதைக் கம்பைல் செய்வது என்பார்கள். ஒரு சின்னத் திருத்தத்துக்கும் முழுதாகச் செய்தாக வேண்டும். எங்களிடம் இருந்த ஹார்ட் டிஸ்க் மெதுவானது. கம்பைல் நடக்கும்போது தற்காலிகமாக ஏகப்பட்ட கோப்புகளை எழுதும், படிக்கும், அழிக்கும். கரகரவென்று அரைத்துக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் ஆகும். நாங்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது.

1992 கோடையில் முதலாளி கம்ப்யூட்டருக்குக் கூடுதல் மெமரி வாங்கிப் போட்டார். அதில் ஒரு பகுதியை டிஸ்க் மாதிரி நடந்துகொள்ளும்படி இவர் அமைத்தார். ஹார்ட் டிஸ்குக்கு சி என்று பெயர். இதற்கு ஈ. மற்ற டிஸ்குகள்போலவே அதிலும் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம். ஆனால் சுழலும் தகடு எதுவும் இல்லை; எல்லாம் மெமரிக்குள்ளேயே நடக்கிறது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் காலியாகத் தோன்றும். அணைத்ததும், உள்ளே இருந்ததெல்லாம் சேர்ந்து, இல்லாமல் போகும். ஒரு கட்டளை கொடுத்தால் போதும். சி-யில் இருக்கும் துண்டுகளை நகலெடுத்து ஈ-யில் வைத்து, அங்கேயே கம்பைல் செய்து, முடிந்த புரோகிராமை மட்டும் சி-க்குத் திருப்பி அனுப்பிவிடும். நாலு நிமிடம்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், முடிந்ததும் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார். இவர் பஜ்ஜியைத் தொடவில்லை. என்னிடம் வந்து, பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொன்னார். 'மறுபடியும் செய்துகொள்ளக்கூடியது மட்டும்தான் ஈ-யில் இருக்கலாம்.' எழுதினேன். அடியில் கோடும் போட்டேன்.

"நாலு நிமிஷத்துல முடிஞ்சா நல்லதுதானே மேடம்," என்றேன்.

"முன்னாடி இருபது நிமிஷம் இருந்துச்சு. சும்மா உக்காந்திருப்பேன். என்ன தப்பு பண்ணினேன்னு அந்த இருபது நிமிஷத்துலதான் ஞாபகம் வரும்," என்றார்.

அந்த வாரம்தான் சிவப்பு பல்பு வந்தது.

திருமழிசை எஸ்டேட்டில் ஒரு தொழிற்கூடத்துக்கு நாங்கள் பவர் பிரஸ்ஸுக்கான போர்டு செய்துகொடுத்திருந்தோம். தகட்டை அச்சில் வைத்து மேலிருந்து ஒரே அடியாக அடித்து வடிவம் எடுக்கும் இயந்திரம் அது. அடி விழும் நேரத்தில் கை உள்ளே இருக்கக் கூடாது என்பதற்காக இரண்டு பட்டன்கள் இருக்கும். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும்.

1993 ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் அங்கே போனோம். வேறு ஏதோ விளக்கு எரியவில்லை என்ற புகாருக்காக. பிரஸ்ஸில் இருந்தவர் பாரிவாக்கம் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பா அம்மா அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள் என்று பிறகு சொன்னார். மகன் இரும்புக்கு வந்துவிட்டார். நல்ல வேகம். இடது பக்கத்துப் பட்டனைச் சைக்கிள் ட்யூப் துண்டால் சுற்றி, எப்போதும் அழுந்தியே இருக்கும்படி இறுக்கிக் கட்டியிருந்தார். வலது கையால் மற்றப் பட்டன். இடது கை சும்மா இருப்பதால் அதை அச்சுக்குள் விட்டுத் தகட்டை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து.

அதைப் பார்த்ததும் என்னோடு வந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். வந்த வேலையை மறந்துபோனார்.

"எதுக்குங்க கட்டி வச்சிருக்கீங்க?"

"ரெண்டு கையும் பட்டன்லயே வச்சிகினு இருந்தா தகடு யாரு மேடம் வெப்பா? நீங்க வந்து வெக்கிறீங்களா?"

பக்கத்து பிரஸ்காரர்கள் சிரித்தார்கள். இவர் அதே கேள்வியைக் கேட்டார். இப்போது இது இறங்கினால் என்ன போகும்?

"இன்னா போவும்? நாலு வெரலு போவும். அஞ்சாவது கீதுல்ல, அத்த வச்சி உங்களுக்கு டாட்டா காட்டுவேன்."

மறுபடியும் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று டைரியில் இருக்கிறது. திரும்பும் வழி முழுக்க பஸ்ஸில் இவர் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆபீஸுக்கு வந்ததும் பட்டன் துண்டைத் திருத்த உட்கார்ந்தார். ஒவ்வோர் அடிக்குப் பிறகும் இரண்டு பட்டன்களும் விடுபட்டு, மறுபடியும் இரண்டும் அழுத்தப்பட்டால்தான் அடுத்த அடி விழ வேண்டும். ஒன்று அழுந்தியே இருந்தால் பிரஸ் அசையக் கூடாது. ட்யூப் கட்டினால் பயன் இல்லாமல் போய்விடும். பயத்தில் அவர் எப்போதும் நிதானமாகத்தான் வேலை செய்வார். அன்று மட்டும் பயம் அவரை விரட்டியது. அன்றைக்கே சிப் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளியிடம் சண்டைபோட்டார். அவர் சண்டைபோட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான். எழுதுவார், கம்பைல் செய்வார், மேசைமேல் வைத்திருக்கும் சோதனைப் பட்டனை ரப்பர் பேண்டால் கட்டிப் பார்ப்பார், சரியாக வராது, மறுபடி எழுதுவார். ஐந்து மணிக்குச் சரியாக வந்தது. சிப்பை முதலாளியே ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் அங்கிருந்து ஃபோன் வந்தது. பிரஸ்காரர் ட்யூபைக் கட்டிப் பார்த்து, பிரஸ் நகராததால், மேடத்தின் ஊருக்கு எந்த பஸ் போகிறது என்று கேட்டாராம், வந்து சண்டைபோட. இவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அன்று முழுக்க நன்றாக இருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவசரத்தில் அவர் என்ன செய்தார் என்பது இரண்டு மாதம் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் சி-க்குப் போய்த் திருத்தி, நகலெடுத்து வருவது தாமதம் என்று, ஈ-யில் இருந்த நகலையே திருத்தியிருக்கிறார். அங்கேயே கம்பைல் செய்திருக்கிறார். முடிந்த புரோகிராம் சி-க்கு வந்தது, சிப்புக்கும் போனது; சி-யில் இருந்ததை அடுத்த கம்பைல் அழித்து எழுதிவிடும். திருத்தி எழுதிய துண்டு ஈ-யிலேயே நின்றுவிட்டது. மாலை ஐந்தரைக்கு நான்தான் கம்ப்யூட்டரை அணைத்தேன். தினமும் நான்தான் அணைப்பேன்.

அதாவது, அந்தத் திருத்தம் அதற்குப் பிறகு உலகத்தில் ஒரே இடத்தில்தான் பத்திரமாக இருந்தது. திருமழிசையில், அந்த பிரஸ்ஸின் பெட்டிக்குள் இருந்த சிப்பில்.

ஆகஸ்டில் அதே தொழிற்கூடத்திலிருந்து ஒரு சின்ன வேலை வந்தது. எத்தனை அடி விழுந்தது என்று எண்ணிக் காட்ட வேண்டும். இவர் எண்ணுவதற்குத் தனியாக ஒரு துண்டு எழுதிச் சேர்த்தார். பட்டன் துண்டைத் திறக்கவே இல்லை; அதில்தான் வேலை எதுவும் இல்லையே. புதன்கிழமை கம்பைல் ஆனது. எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்த்தார், வந்தது. வியாழன் மாலை சிப் போனது. வெள்ளி காலை அதை மாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு நான் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். பழைய புரோகிராமின் அளவும் புதியதன் அளவும் அடுத்தடுத்த வரியில் வந்தன. புதியதில் ஒரு வேலை கூடுதல். ஆனால் அளவு குறைவாக இருந்தது. இரண்டு முறை பார்த்துவிட்டு அவர் மேசைக்குப் போனேன்.

"மேடம், இதுல வேலை கூடியிருக்கு. ஆனா சைஸ் குறைஞ்சிருக்கே?"

அவர் என் கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார். பிறகு திரையில் பட்டன் துண்டைத் திறந்தார். மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். அதில் ஜூன் மாதத்துத் திருத்தம் இல்லை. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பல்பைப் பார்த்தார். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

"ஈ-ல எழுதிட்டேன் சார்," என்றார், மிகவும் மெதுவாக. "அது அன்னிக்கே போயிடுச்சு."

ஃபோன் செய்தோம். திருமழிசையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சாப்பாட்டு நேரம், ஆபீஸ் அறையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். முதலாளி ஊரில் இல்லை. தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவைப் பிடித்தோம். வானகரம் வழியாகப் போனால் சீக்கிரம் என்று டிரைவர் சொன்னார். வானகரம்வரை சீக்கிரமாகத்தான் போனது. அதன்பிறகு நெடுஞ்சாலையில் பூந்தமல்லிவரை லாரிகள் ஒட்டி ஒட்டி நின்றன. இவர் டிரைவரை அவசரப்படுத்தவே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு நேரம் எப்போது முடியும் என்று மட்டும் என்னிடம் இரண்டு முறை கேட்டார். ஒன்றரைக்கு என்று இரண்டு முறையும் சொன்னேன். பூந்தமல்லி பஸ் நிலையத்தைத் தாண்டும்போது ஒன்று இருபத்தைந்து.

"அவர் புதுசா ஒண்ணு மாட்டினா மொதல்ல கட்டித்தான் பார்ப்பாரு," என்றார். சற்றுப் பொறுத்து, "அவர் சீக்கிரம் முடிக்கணும்னு ட்யூப் கட்டினாரு. நான் சீக்கிரம் முடிக்கணும்னு ஈ டிரைவ் போட்டேன். ரெண்டும் ஒண்ணுதான் சார்."

சொல்ல என்னிடம் வேறொன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை.

தெருவில் திரும்பும்போதே பிரஸ் சத்தம் கேட்டது. வேலை தொடங்கிவிட்டிருந்தது. டம், டம் என்று, இடைவெளியே இல்லாமல், ஜூன் மாதத்தில் கேட்ட அதே வேகத்தில். அந்த வேகம் என்றால் ட்யூப் கட்டியிருக்கிறது என்று எனக்கே புரிந்தது. ஆட்டோ நிற்பதற்குள் இவர் இறங்கிவிட்டார்.

உள்ளே வாசலில் நின்று நான் பிரஸ்காரரைக் கூப்பிடப் போனேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார். கண் திரும்பும் நேரத்தில் கை எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பிறகு, யாரையும் பார்க்காமல், நேராக வலது பக்கச் சுவருக்கு நடந்தார். மெயின் அங்கே இருக்கிறது என்று அவருக்கு ஜூனிலேயே தெரியும். இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, தொங்குவதுபோலக் கீழே இழுத்தார்.

விளக்குகள், மின்விசிறிகள், மூன்று பிரஸ்களின் மோட்டார்கள், எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஒன்று மட்டும் நிற்கவில்லை. பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கரம் இருக்கும். ஃப்ளைவீல் என்பார்கள். கரண்ட் போனாலும் அது தன் பாரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இருட்டில், அது சுற்றும் சத்தம் மட்டும் உஷ்ஷென்று வந்தது. பிரஸ்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய இடது கை இன்னும் அச்சுக்குள்ளேயே இருந்தது.

சக்கரத்தில் மிச்சம் இருக்கும் பலத்தில் இன்னும் ஓர் அடி விழுமா? எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது என்று முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் என்றே பயந்து வந்தவர், போகாமல் நிற்கும் ஒன்றை அங்கேதான் பார்த்தார்.

"கைய எடுங்க," என்றார். கத்தவில்லை. "மொதல்ல கைய எடுங்க."

"இன்னா மேடம், கரண்ட நீங்களே புடிங்கினீங்களா?"

"கைய எடுங்க அண்ணே."

அவர் கையைத் தகட்டோடு மெதுவாக வெளியே எடுத்தார். கைக்கு அவசரம் இல்லை, எங்களுக்குத்தான் இருந்தது. சக்கரம் நிற்க எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. நேரத்தைப் பார்க்க மறந்துபோன அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று. சத்தம் முழுதாக அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

பிறகு இவர் கிட்டே போய், அந்த மனிதரின் இடது கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையையும் விரல்களையும் பார்த்தார். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னா மேடம், கைரேகை பாக்குறீங்களா? ஆயுசு கெட்டியா கீதா?"

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் ஓடிவந்து மெயினைப் பிடுங்கியது யார் என்று சத்தம்போட்டார். நான்தான் என்றார் இவர். இந்தச் சிப் தப்பு, தப்பு என்னுடையது, பழையதை மாட்டுங்கள் என்றார். எலக்ட்ரீஷியன் பழைய சிப்பைத் தூக்கிப்போடாமல் ஒரு தீப்பெட்டியில் வைத்திருந்தார். அது இருந்தது. அதை மாட்டியபின் இவரே ட்யூபைக் கட்டி, வலது பட்டனை அழுத்திப் பார்த்தார். பிரஸ் நகரவில்லை. மூன்று முறை பார்த்தார். ட்யூபை அவிழ்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அத்த ஏன் எடுத்துகினு போறீங்க? சைக்கிள் கடையில நூறு கீது," என்றார் பிரஸ்காரர். ஆனால் அவரும் தன் இடது கையை வலது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் இவர் ஈ டிரைவை எடுத்துவிட்டார். முதலாளி திரும்பிவந்து கோபப்பட்டார். மெமரிக்குக் கொடுத்த விலையைச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார், மாற்றிக்கொள்ளவில்லை. ஹார்ட் டிஸ்க் மறுபடியும் கரகரவென்று அரைத்தது. அந்த இருபது நிமிடமும் அவர் மடியில் கை வைத்து, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். பல்பு எரிந்துகொண்டிருக்கும்.

இன்னொரு வழக்கமும் வந்தது. ஒவ்வொரு தடவையும் கம்பைல் செய்வதற்கு முன் என்னைக் கூப்பிடுவார். ஒவ்வொரு துண்டும் எந்தத் தேதியில் கடைசியாகத் திருத்தப்பட்டது என்று திரையில் வரும். நான் அதை உரக்கப் படிக்க வேண்டும். அவர் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக டிக் போடுவார்.

"நீங்களே ஒருதரம் பாத்துக்கலாமே மேடம்," என்றேன் ஒருநாள்.

"நீங்க பார்த்தா போதும் சார். அன்னிக்கு நீங்க பார்த்ததாலதான்," என்றார்.

அவர் பயப்படாமல் நம்பிய ஒரே விஷயம் அது என்று நினைக்கிறேன். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

எங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்துக்கு ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது செத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அணைத்திருந்தால், திங்கட்கிழமை காலை அது 1980 ஜனவரி ஒன்று என்று காட்டும். வாராவாரம் நான்தான் சரியான தேதியைப் போடுவேன். அந்த ஆகஸ்டு புதன்கிழமை, கம்பைல் ஆன அன்றே, சிப் போவதற்கு ஒருநாள் முன்னால், துண்டுகளின் தேதிகளைப் பதிவேட்டில் எழுதினேன். பட்டன் துண்டுக்கு நேரே இருந்தது, ஜூனில் நாங்கள் திருமழிசை போன செவ்வாய்க்கிழமை இல்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. திருத்துவதற்கு நான்கு நாள் முன்னால்.

நான் அதைப் பார்த்தேன். பக்கத்தில் பென்சிலால் 'கடிகாரக் கோளாறு' என்று எழுதினேன். கடிகாரம் கெட்டால் 1980 என்று காட்டும், ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமையைக் காட்டாது என்பது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அவர் நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் பயப்படுவார், எல்லாவற்றையும் மறுபடி பார்க்கச் சொல்வார், நேரமாகும் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அந்தப் பதிவேடு கம்பெனி மூடியபோது என்னிடம் வந்தது. பென்சில் எழுத்து இன்னும் அழியவில்லை. அதே நாளின் டைரியையும் எடுத்துப் பார்த்தேன். மாலை கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஐந்து நாற்பது ரயிலைப் பிடித்திருக்கிறேன். உட்கார இடம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறேன்.